பாறையில் ஆறிய தேநீர்

நான் ஒரு மனிதரைக் காட்டுப் பாதையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவமானப்படுத்தினேன். ஒரே நாளில் அல்ல. ஏறத்தாழ ஒரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகளில். கை நீட்டி அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஊற்றித் தந்த தேநீரைக் குடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுதிப் பார்க்கும்போது சின்ன விஷயம்போலத் தெரிகிறது. அப்படித் தெரியக் கூடாது என்பதற்காகவே முழுவதையும் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று நான்கு வருடம் கணிதம் படிப்பித்தேன். பிறகு அகதியாக ஜெர்மனிக்கு வந்து, ஆஹெனுக்குக் கிழக்கே ஒரு காகித ஆலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். ஓய்வோடு சீனி வருத்தமும் முற்றியது. இன்சுலின் ஊசி எழுதித் தந்த டாக்டர், நடக்காவிட்டால் ஒருநாள் கால் ஒன்றை வெட்டி எடுக்க வேண்டி வரும் என்று காலநிலை சொல்வதுபோலச் சொன்னார். அந்த வாரமே நடக்கத் தொடங்கினேன்.

துணைக்கு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் எங்கள் கோயில் நிர்வாகசபையில் இருப்பவர். மற்றவர் இத்தாலிய உணவகம் ஒன்றில் சமையல்காரராக இருந்து ஓய்ந்தவர். மூவருக்கும் சீனி வருத்தம் இருந்தது, மூவரும் சைவம். ஞாயிறு காலை ஆற்றோரமாகப் போகும் சின்ன ரயிலில் ஏறி, ஐஃபெல் மலைப்பக்கம் இறங்குவோம். பெரிய மலைகள் அல்ல. பீச் மரக் காட்டுக்குள்ளால் ஒரு மணிநேரம் ஏறினால் சிவந்த மணற்கல் பாறைகள் வரும். அவற்றின் விளிம்பில் இரும்புக் கம்பி கட்டி, உட்கார ஒரு வாங்கும் போட்டிருப்பார்கள். அங்கிருந்து ஆற்றின் வளைவு முழுவதும் தெரியும். அந்த வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டு இறங்குவதுதான் எங்கள் வழக்கம்.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு வழி தவறினோம். வழி காட்டுவதற்கு மரங்களில் மஞ்சள் முக்கோணம் அடித்திருப்பார்கள். அந்த இடத்தில் ஊசியிலை மரங்களெல்லாம் வண்டு அரித்துச் செத்து, ஒரு சரிவு முழுவதையும் வெட்டிவிட்டிருந்தார்கள். மரத்தோடு முக்கோணமும் போய்விட்டது. வெறும் அடிக்கட்டைகளுக்கு நடுவில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று நாங்கள் மூவரும் சத்தமாகப் பிடுங்குப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது அடுக்கி வைத்திருந்த மரக்குற்றிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணைமார் பாறைக்கோ போறியள்?"

கையில் தூரிகை, மறு கையில் மஞ்சள் வர்ண வாளி. காட்டு வேலைக்காரர் போடும் தடித்த காற்சட்டை. எங்களைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். இருபது வருடத்துக்கு மேல் அந்தக் காட்டில் மரம் வெட்டும் வேலை செய்தவராம். முழங்கால் பழுதாகி, நேரத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது ஊர் நடைச் சங்கத்துக்காகச் சும்மா வழிக்குறி அடிக்கிறார். அதுவரை நாங்கள் பார்த்து நடந்த முக்கோணங்கள் எல்லாம் அவர் கையால் அடித்தவை.

தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு எங்களோடு ஏறினார். வழியெல்லாம் அவர்தான் கதைத்தார். மனைவி இறந்து இரண்டு வருடம். மனைவிக்கும் சீனி வருத்தம்தானாம். ஒரே மகள் மியூனிக்கில் இன்ஜினியர். தொலைபேசியில் ஜெர்மனில்தான் கதைப்பாள். அடிவாரத்துக் கிராமத்தில் இவர் ஒருவரே தமிழர்.

"தமிழ் கதைச்சு மூண்டு மாசம் அண்ணை," என்றார். "நேற்று ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் யோசிச்சனான் தெரியுமோ? ஏணிக்கு. ஏணி எண்ட சொல் வரேல்லை." சிரித்துவிட்டு, கொஞ்சத் தூரம் நடந்து, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்: "ஞாயிறிலை நீங்கள் வாறதெண்டா நானும் வரட்டோ?"

அவருக்கு வேண்டியது அதுதான். வாரத்தில் நாலு மணிநேரம் தன் மொழியில் கதைக்க மூன்று கிழவர்கள். அதற்கு மேல் அவர் எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

வாருங்கோ தம்பி, தாராளமாக வாருங்கோ என்றேன். பிறகு எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். ஊர் எது? சொன்னார். எனக்குத் தெரிந்த ஊர். ஊரில் எவடம்? கொஞ்சம் தயங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்றார். பின்பக்கம் என்றால் கோயிலடியோ, குளத்தடியோ? குளத்தடி. தகப்பன் என்ன செய்தவர்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி தேவைப்படவும் இல்லை. எங்கள் பாறை மேலே தெரியத் தொடங்கியபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நாலு கேள்விகளுக்கு இடையில் என் வாயில் "நீங்கள்" போய், மரியாதையில் ஒரு படி குறைந்த "நீர்" வந்துவிட்டதையும் அவர் கவனித்திருப்பார். நான் அப்போது கவனிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்தவன். பல்கலைக்கழக நாட்களில் சாதிக்கு எதிராக மேடையில் பேசியிருக்கிறேன். தேநீர்க் கடைகளில் எல்லாருக்கும் ஒரே கோப்பை என்று நான் எழுதிய துண்டுப்பிரசுரம் நன்றாக இருக்கிறது என்று விரிவுரையாளர் ஒருவர் பாராட்டியிருக்கிறார். அதே காலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், வேலைக்கு வருபவர்கள் தேநீர் குடிப்பதற்கென்று ஒரு தகரப் பேணி தனியே கவிழ்த்து வைத்திருந்தது. நான் பேச்சை எழுதிய மேசையிலிருந்து பார்த்தால் யன்னலுக்குள்ளால் அது தெரியும்.

பாறையில் வாங்கில் அமர்ந்ததும் அவர் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார். மூடியில் பால் தேநீரை ஊற்றி, மூத்தவன் என்று முதலில் எனக்கு நீட்டினார். ஆவி பறந்தது. இஞ்சி மணத்தது.

எனக்குச் சீனி வருத்தம், ஏலாது என்றேன்.

கோயில்காரர் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். அவரும் சீனி வருத்தம் என்றார். சமையல்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. தனக்கும் அதே வருத்தம் இருப்பதை மறந்து வாங்கிக் குடித்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு தேத்தண்ணி குடிக்கவில்லை என்று புகழ்ந்து இரண்டாவது மூடியும் கேட்டார். தேநீர் தந்தவரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் சமையல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "வீட்டை போய் வாயை நல்லாக் கொப்பளியும்," என்று கோயில்காரர் பகிடி விட்டார். நான் சிரித்தேன். சமையல்காரர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு தேநீர் தந்தவர் மலையடி ரயில் நிலையத்தில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். பாறைக்குப் போனதும் பிளாஸ்க்கைத் திறந்து, "இண்டைக்குச் சீனி போடேல்லை, பயப்பிடாமல் குடியுங்கோ," என்றார். மூன்று எனாமல் கோப்பைகள் புதிதாக வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஊற்றி, எங்கள் முன்னால் கல்லில் வைத்தார்.

பால் ஒத்துக்கொள்வதில்லை என்றேன்.

அதற்கடுத்த வாரம் பால் இல்லாமல் வெறும் தேயிலைச் சாயம் கொண்டு வந்தார். கோயில்காரர் தனக்கு நெஞ்செரிச்சல் என்றார். பிறகு ஒரு ஞாயிறு மல்லிக் கோப்பி. அதை மறுப்பதற்கு எங்களுக்கு வருத்தம் கிடைக்கவில்லை. வீட்டில் குடித்துவிட்டு வந்தோம், வயிற்றில் இடமில்லை என்றோம். கோப்பைதான் காரணமாக இருக்குமோ என்று ஒரு வாரம் பிரிக்காத கடதாசிக் கோப்பைப் பொதி ஒன்றைக் கொண்டு வந்து, எங்கள் கண் முன்னாலேயே அதன் கண்ணாடித்தாளைக் கிழித்தார். ஒருமுறை சமையல்காரரின் கை கோப்பையை நோக்கிப் போனது. நான் அவரைப் பார்த்தேன். கை திரும்பித் தொடையில் போய்த் தங்கியது.

ஊற்றிய தேநீர் ஒவ்வொரு முறையும் கல்லிலேயே ஆறும். புறப்படும் நேரம் அவரே ஒவ்வொரு கோப்பையாக எடுத்து, பாறையோரப் பாசியில் ஊற்றி, உதறி, பைக்குள் வைப்பார். அந்த இடத்தில் பாசி கறுத்துப்போயிருந்தது.

போகும் ரயிலில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. இன்றைக்கு என்ன வருத்தம் சொல்வது, யாருடைய முறை என்று பேசிக்கொள்வோம். வாயு கோயில்காரருடையது. பல்லுக் கூச்சம் என்னுடையது. சமையல்காரருக்கு நாங்கள் மூலவியாதியைக் கொடுத்திருந்தோம். "ஆஸ்பத்திரி ஒண்டு கட்டுற அளவுக்கு வருத்தம் சேர்ந்திட்டுது," என்று கோயில்காரர் சொல்ல, நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எனக்கு அதில் சுகம் இருந்தது. ஆலையில் இருபத்தெட்டு வருடம், என்னில் பாதி வயதுள்ள மேற்பார்வையாளன் விரலைச் சுண்டிக் கூப்பிட ஓடியவன் நான். பாறையில் ஒரு மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இனித்தது. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வளவும் செய்துகொண்டு அவரை முன்னுக்கு விட்டுத்தான் நடந்தோம். மழையில் எந்தக் கல் வழுக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். காட்டுப்பன்றி கிளறிய இடத்தைக் காட்டுவார். செங்குத்தான படிகளில் திரும்பி நின்று கை கொடுப்பார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன். கையைப் பிடிக்கலாம், அதே கை ஊற்றியதைக் குடிக்கக் கூடாது. இதில் ஒரு முரண் இருக்கிறது என்று கணிதம் படிப்பித்த எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். முதல் நாளே தெரிந்திருக்கும். நாலு கேள்வி கேட்டவனை அவருக்குத் தெரியாதா? ஆனாலும் ஒவ்வொரு வாரமும் எங்கள் பொய்யை உண்மையென்று எடுத்து, அதற்கு ஒரு மாற்றுக் கொண்டுவந்தார். நாங்கள் சாட்டுச் சொல்வதை நிறுத்த ஒவ்வொரு முறையும் ஒரு வழி திறந்து தந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் பிடிப்பது என் வழக்கம். இடையில் ஒரு ஞாயிறு. அன்று காலை ஒன்றும் சாப்பிடாமல், ஆனால் பழக்க தோஷத்தில் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். விரதம் என்றால் சாப்பாட்டைத்தான் நிறுத்துவோம், மருந்தை யார் நினைக்கிறார்கள்? எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் இந்தப் பிழையைச் செய்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

பாதை முழுவதும் ஈரச் சருகு. சமையல்காரருக்கு முழங்கால் நோ. கோயில்காரர் அவரோடு பின்தங்கினார். நானும் வழி காட்டி வந்தவரும் முதலில் பாறைக்கு வந்தோம். வாங்கில் ஒரு ஜெர்மன் தம்பதி இருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். ஆறு இரண்டாகத் தெரிந்தது. உடம்பு முழுக்கக் குளிர்ந்த வியர்வை. கால் நடுங்கியது. அவர் என்னைப் பிடித்து, கம்பியிலிருந்து இழுத்து, கல்லில் சாய்த்தார்.

"சீனி இறங்கிப்போச்சு," என்றார். மனைவியில் பார்த்துப் பழகியவர்.

பிளாஸ்க்கை எடுத்தார். மூடியைத் திருகப் போன கை நின்றது. பத்து மாதமாக அதில் சீனி இல்லை. நான் சொன்ன பொய்க்காக அவர் சீனியை விட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை, அந்த மங்கலிலும் எனக்குத் தெரிந்தது. உடனே பையிலிருந்து தன் சாப்பாட்டுப் பாணை எடுத்து, ஒரு துண்டு கிள்ளி என் வாயருகே கொண்டுவந்தார்.

என் கை அதைத் தட்டிவிட்டது.

சீனி இறங்கினால் மனிதர் சொந்த அறிவில் இருக்கமாட்டார் என்று டாக்டர் சொல்வார். அந்தச் சமாதானத்தை நானும் பல மாதம் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். அவர் ஓடிப்போய் அந்த ஜெர்மன் தம்பதியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா, தான் பாதி குடித்து வைத்திருந்த ஆப்பிள் சாற்றுப் போத்தலைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தாள். போத்தலின் வாயில் அவளுடைய உதட்டுச் சாயம் இருந்தது. குடித்தேன். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன். கரடி வடிவ ஜெலி இனிப்புகள் தந்தாள். பன்றித் தோலில் காய்ச்சி எடுப்பது என்று என் பேரப்பிள்ளைகளுக்கு நானே தடை செய்த இனிப்பு. விரத நாளில் ஐந்தோ ஆறோ சப்பி விழுங்கினேன். என் கை எதையும் தட்டிவிடவில்லை. மயங்கிய அறிவுக்கும் ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது.

அவர் கொஞ்சத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த பாண் துண்டை எடுத்து, தூசியை ஊதிவிட்டுத் தானே சாப்பிட்டார்.

கால்மணி நேரத்தில் எனக்குத் தெளிந்தது. மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். தம்பதி விடைபெற்றுப் போனார்கள். அப்போது அவர் பிளாஸ்க்கைத் திறந்து, ஒரே ஒரு கோப்பையில் தேநீரை ஊற்றி என்னிடம் கொண்டுவந்தார். குனிந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அண்ணை, அது ஆரோ வாய் வைச்ச போத்தல். இது ஒருத்தரும் வாய் வைக்காத கோப்பை. இப்ப என்ன வருத்தம் சொல்லப் போறியள்?"

கோயில்காரர் என்னைப் பார்த்தார். சமையல்காரர் நிலத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் கையை நீட்டியிருந்தால் போதும். உயிரைக் காப்பாற்றியவர் என்பதற்காகவாவது. ஒரு வாய். ஆனால் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குடித்தால், இவ்வளவு நாளும் குடிக்காததற்கு என்ன பெயர் என்பதை அவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"அது வேற," என்றேன்.

"ஓம் அண்ணை," என்றார். "வேறதான்." இந்த முறை பாசியில் ஊற்றவில்லை. தானே குடித்தார், ஆறுதலாக, கடைசிவரை. பிறகு கோப்பையைப் பைக்குள் வைத்து என் கையைப் பிடித்தார். நான் மறுபடி விழக்கூடும் என்பதால் ரயில் நிலையம் வரை, ஒரு மணிநேரத்துக்கு மேல், அந்தக் கையை அவர் விடவில்லை. வழியில் ஒரு சொல் கதைக்கவில்லை. ரயில் வந்ததும், கவனமாகப் போங்கோ என்றார்.

ரயிலில் சமையல்காரர் மெல்லிய குரலில், நீங்கள் குடித்திருக்கலாம் என்றார். அன்றைக்குப் பிறகு அவரும் எங்களோடு வரவில்லை. அடுத்த ஞாயிறு ரயில் நிலையத்தில் யாரும் காத்திருக்கவில்லை. கோயில்காரரும் நானும் இரண்டு முறை ஏறினோம். கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. தேநீர் தந்தவர் இல்லாமல் எங்களுக்குச் சிரிக்கக்கூட விஷயம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மழையைச் சாட்டி நிறுத்திக்கொண்டோம்.

மாரி முழுவதும் அவருடைய தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. அழைப்பு எடுக்கவில்லை. மாசியில் ஒருநாள் எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன், அப்படியே. பங்குனியில் வெயில் வந்ததும் தனியே ரயிலேறினேன். பையில் வீட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் போனேன். சொல்ல வேண்டிய வசனத்தை நல்ல தமிழில் யோசித்து மனப்பாடம் செய்திருந்தேன். முக்கோணங்களைப் பார்த்துப் பார்த்து ஏறினேன். வெட்டிய சரிவில் இப்போது மரக்கட்டைகளை நட்டு, அவற்றில் மஞ்சளைப் புதிதாக அடித்திருந்தது.

மூன்று ஞாயிறு பாறையில் யாரும் இல்லை. நாலாவது ஞாயிறு அவர் இருந்தார். நடைச் சங்கத்து ஜெர்மன்காரர் ஏழெட்டுப் பேரோடு வாங்கிலும் கல்லிலுமாக இருந்து, அவர்களுடைய மொழியில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த எனாமல் கோப்பைகள் அவர்கள் கையில் இருந்தன. போதாததற்கு பிளாஸ்க் மூடியில் இருவர் மாறி மாறிக் குடித்தார்கள். இஞ்சி மணம் எனக்கு வந்தது.

என்னைக் கண்டதும் தலையசைத்தார். முகத்தில் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, உங்கள் நண்பரா, அவருக்கும் கொஞ்சம் ஊற்றுங்களேன் என்று அவரிடம் சொன்னாள். நான் பைக்குள் கை விட்டுக் கோப்பையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். மனப்பாடம் செய்த வசனம் தொண்டைவரை வந்தது.

அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினார்.

"உங்களுக்குச் சீனி வருத்தம் எல்லோ அண்ணை," என்றார். "இதில இப்ப சீனி போடுறனான்."

பிறகு அந்தக் கிழவிக்கு ஜெர்மனில் விளக்கினார். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்து, ஐயோ பாவம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நான் அவளுக்கு, ஆம், எனக்கு ஏலாது என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் என் பழைய பொய்யை அவருக்காக நானே இன்னொரு முறை சொன்னேன். வசனம் வரவே இல்லை. அவர்கள் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபக்கப் பாதையால் இறங்கினார்கள். அவர் முன்னால் போனார். வழுக்கும் படியில் திரும்பி நின்று கிழவிக்குக் கை கொடுத்தார்.

நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த வழியே இறங்கினேன். வீட்டில் மனைவி பையைத் திறந்து கோப்பையை எடுத்து, கழுவப் போடவா என்று கேட்டாள். தேவையில்லை, அதில் ஒருவரும் குடிக்கவில்லை என்றேன்.